பூதமும் கத்தரிக்கோலும்

பேய்ப் படங்களையும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் பற்றிப் பேசப் புகுந்தால் மூன்று திசைகளிலிருந்து எதிர்ப்பு வருகிறது. முதலாவது, தூய கலையின் காவலராகத் தம்மைத் தாமே நியமித்துக் கொண்டவர்களின் எதிர்ப்பு. அரிதாரத்தையும் அட்டைக் கோட்டைகளையும் கொண்டு ஆக்கப்பட்ட இப்படங்களைக் கலையென்று அழைப்பதே கலைக்கு இழைக்கும் அவமதிப்பு என்பது அவர்கள் கட்சி. இரண்டாவது, இரசிகர்களின் எதிர்ப்பு. அவர்கள் இப்படங்களை உயிரினும் மேலாக நேசிக்கின்றனர். எந்தப் பூதத்துக்கு எவர் முகம் அமைத்தார், எந்தப் படத்துக்கு எத்தனை தொடர்ச்சிகள் வந்தன என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆயினும், ‘இது பொழுதுபோக்கு, இதற்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள்’ என்பது அவர்களது வேண்டுகோள். மூன்றாவது எதிர்ப்பு எமது அணியிலிருந்தே வருகிறது. உழைக்கும் மக்களின் கவனத்தைத் திருப்ப முதலாளித்துவம் காய்ச்சிய கள் இது. இதை ஆராய்ந்து காலத்தை வீணாக்குவானேன் என்று தோழர்கள் சிலர் கேட்கின்றனர்.

ஒருவரையொருவர் ஏற்காத இம்மூன்று சாராரும் ஒரு விடயத்தில் மட்டும் கைகோத்து நிற்கின்றனர். இப்படங்களில் பொருட்படுத்தத்தக்க கருத்து ஏதும் இல்லை என்பதே அது.

நாம் இதனை மறுக்கிறோம். எமது மறுப்புக்குச் சாட்சியாக நாம் அழைப்பது விமர்சகர்களையல்ல. இப்படங்களுக்குப் பணம் போட்ட கம்பனிகளையும், அவற்றை ஆராய்ந்து முத்திரையிட்ட தணிக்கையாளரையுமே அழைக்கிறோம். பொழுதுபோக்கைத் தவிர வேறொன்றும் இல்லையென்று கூறப்படும் இப்படங்களை அவர்கள் எத்தனை முறை வெட்டினர்! எத்தனை முறை முகப்பை மாற்றினர், முடிவை மாற்றினர்! பொருளற்ற பேச்சைப் பேசுபவனின் வாயை எவரும் பொத்துவதில்லை. கத்தரிக்கோல் எங்கே இறங்கிற்று என்று பார்த்தால், எங்கே உயிர் துடித்தது என்பது தெரிந்துவிடும்.

வெட்டுகள் யாவும் அரசியற் சதியால் நிகழ்ந்தவை என்று நாம் வாதிடவில்லை. படத்தின் நீளத்தைக் குறைத்தால் நாளொன்றுக்குக் காட்சியொன்றைக் கூட்டலாம் என்ற கணக்கும் உண்டு. ஆனால், ‘அது வியாபாரம்’ என்று கூறிவிடுவது கேள்விக்கு விடையாகாது. எது விலைபோகாது, எதைக் காட்டினால் தொல்லை வரும் என்று வியாபாரி கருதினான் என்பதே எமது கேள்வி. அக்கேள்வியோடு இவ்வரலாற்றை ஒருமுறை நடந்து பார்ப்போம்.

*

1920 பெப்ரவரியில் பேர்லினில் ‘டொக்டர் கலிகாரியின் அறை’ என்ற படம் திரையிடப்பட்டது. நெறியாளர் ரொபேர்ட் வீனே. கதை எழுதியோர் ஹான்ஸ் யானோவிற்ஸ், கார்ல் மாயர் என்ற இருவர். முதல் உலகப் போர் முடிந்து பதினைந்து மாதங்களே கழிந்திருந்த காலம் அது. யானோவிற்ஸ் அப்போரில் படையில் இருந்தவர். மாயரோ இராணுவ மனநோய் வைத்தியர்களின் கையில் அகப்பட்டு அல்லற்பட்டவர். உறக்கத்திலேயே நடக்கும் ஓர் இளைஞனைத் தன் ஆணைக்கு அடிமையாக்கி, அவனைக் கொண்டு கொலைகள் செய்விக்கிறான் கலிகாரி. இறுதியில் அவன் ஒரு மனநோய் மருத்துவமனையின் தலைவன் என்பது வெளியாகிறது. உறங்கியபடியே கட்டளைக்குக் கொலைசெய்த இளைஞர்களை இலட்சக் கணக்கில் கண்டு திரும்பிய ஒரு தலைமுறைக்கு இந்த உருவகத்தின் பொருளை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அதிகாரமே பைத்தியம் என்று அக்கதை கூறிற்று.

திரைக்கு வந்த படமோ வேறொன்றைக் கூறிற்று. கதையைச் சொல்லும் பிரான்ஸிஸ் என்ற இளைஞனே பைத்தியம். கலிகாரி என்று அவன் பழிப்பவர் உண்மையில் கருணைமிக்க வைத்தியர். இனி அவனைக் குணப்படுத்தும் வழி அவருக்குத் தெரியும் என்று படம் முடிகிறது. இச்சட்டகம் தமது விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்டதென யானோவிற்ஸ் பிற்காலத்தில் கூறினார். அதை அடிப்படையாகக் கொண்டு சீக்பிரீட் கிராக்கவர் 1947-இல் வெளியான தமது நூலில், புரட்சிக் கதையொன்று பணிவுக் கதையாக மாற்றப்பட்டது என்று வாதிட்டார். பின்னர் கிடைத்த மூலத் திரைக்கதையிலும் ஒரு சட்டகம் இருந்தது உண்மையே. இதைக் கண்டு, ‘பார்த்தீர்களா, கிராக்கவரின் வாதம் சரிந்தது’ என்று மகிழ்ந்தோர் பலர். அவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம். அந்த மூலச் சட்டகத்தில் பிரான்ஸிஸ் தெளிந்த அறிவோடு, நடந்து முடிந்த கதையை விருந்தினர்களுக்குக் கூறுகிறான். அவன் பைத்தியமல்லன். உண்மை சொன்னவனைப் பைத்தியமாக்கியது படந்தான்.

ஆயினும் ஒன்றை வெட்ட அவர்களால் இயலவில்லை. அப்படத்தின் கோணற் சுவர்களையும் சாய்ந்த கூரைகளையும் துணியிலும் அட்டையிலும் தீட்டிய ஓவியர்கள் மூவர். பைத்தியத்தின் கண்ணுக்கு உலகம் அவ்வாறு தோன்றிற்று என்றால், பைத்தியக் கதை முடிந்தபின் உலகம் நேராகியிருக்க வேண்டுமன்றோ? ஆனால் இறுதிக் காட்சியிலும் மருத்துவமனையின் அதே முற்றம் அதே வடிவில் நிற்கிறது. கம்பனி சொன்ன சமாதானத்தைச் சுவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏழாண்டுகளின் பின், 1927 ஜனவரியில், பிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ வெளிவந்தது. மேலே ஒளிமயமான மாடங்கள். நிலத்தின் கீழே, கடிகார முள்ளோடு போராடிச் சாகும் தொழிலாளர். ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஓடிய அப்படத்தைப் பரமவுண்ட் கம்பனி அமெரிக்காவுக்கென வெட்டிச் சுருக்கிற்று. ஜேர்மனியில் தயாரிப்பு நிறுவனமான உபா, அதே ஆண்டில் அல்பிரெட் ஹூகன்பேர்க் என்ற பத்திரிகை முதலாளியின் கைக்குச் சென்றது. அங்கும் படம் வெட்டுண்டது. இதே ஹூகன்பேர்க் 1933-இல் ஹிட்லரின் முதல் மந்திரிசபையில் அமர்ந்தவர் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. வெட்டப்பட்ட பகுதிகளிற் பெரும்பாலானவை எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, 2008-இல், புவனோஸ் அயரிஸ் நகரத்துத் திரைப்பட நூதனசாலையில் ஒரு சிறிய 16 மில்லிமீற்றர்ப் பிரதியாகக் கண்டெடுக்கப்பட்டன.

இங்கே நாம் ஒரு பக்க நீதி பேசவிரும்பவில்லை. வெட்டப்படாத ‘மெட்ரோபோலிஸ்’ தொழிலாளரின் படமென்று எவரும் மயங்கவேண்டியதில்லை. எழுச்சி என்பது ஓர் இயந்திரப் பெண்ணின் தூண்டுதலால் விளைந்த வெறியாகவும், தீர்வு என்பது முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்குவதாகவும் அங்கே காட்டப்படுகின்றன. அக்கைகுலுக்கலின் பொய்மையை ஏழாண்டுகளுக்குள் வரலாறே நிரூபித்தது. ஜேர்மன் தொழிற்சங்கங்கள் 1933 மே மாதத்தில் நசுக்கப்பட்டன. ஆனால் முடிவிலே பொய் சொன்ன அதே படம், தொடக்கத்தில் தொழிலாளர் முறைமாறும் காட்சியில் உண்மை சொல்கிறது. குனிந்த தலையும் ஒரே அடியெடுப்புமாக, வேலைக்குச் செல்வோரும் வேலைமுடிந்து வருவோரும் அங்கே ஒருவரையொருவர் கடக்கின்றனர். அக்காட்சியைக் கண்டவன் அதை மறப்பதில்லை, கைகுலுக்கலையே மறந்துவிடுகிறான்.

*

அத்திலாந்திக்கைக் கடந்து ஹொலிவூட்டுக்குச் செல்வோம். 1931 நவம்பர், பொருளாதார மந்தம் அமெரிக்காவைக் கவ்வியிருந்த வேளை. இன்னும் ஈராண்டுகளில் அந்நாட்டுத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றுத் தெருவில் நிற்கப்போகின்றனர். அந்த நேரத்திலேதான் ஜேம்ஸ் வேலின் ‘பிராங்கன்ஸ்டைன்’ வந்தது. குட்டையான சட்டைக்கையும் கனத்த பாதங்களுமாக, தன்னைப் படைத்தவனே கைவிட்ட அப்பூதத்தில் மக்கள் எதைக் கண்டனரோ தெரியாது. ஆனால் அதனைக் கண்டு அஞ்சியதோடு அதற்காக இரங்கியும் நின்றனர் என்பதை எவரும் மறுப்பதில்லை.

இந்த இரக்கத்தின் மீதே முதலாவது வெட்டு விழுந்தது. ஏரிக்கரையில் ஒரு சிறுமி பூதத்தோடு பூவிளையாடுகிறாள். பூக்களை நீரில் எறிகிறாள், அவை மிதக்கின்றன. பூக்கள் தீர்ந்தபின், அவளும் பூப்போல மிதப்பாளென எண்ணிப் பூதம் அவளைத் தூக்கி எறிகிறது. அவள் மூழ்கியதும் திகைத்துத் தடுமாறி ஓடுகிறது. அறியாமையின் அவலத்தை இதனினும் எளிமையாகக் காட்டிய காட்சிகள் சிலவே. தணிக்கையாளர் இதைப் பொறுக்கவில்லை. பூதம் கையை நீட்டும் கணத்தோடு காட்சி அறுக்கப்பட்டது. அடுத்து நாம் காண்பது இறந்த குழந்தையைத் தந்தை ஏந்திவருவதை. இடையில் நடந்ததென்ன? பார்ப்பவன் ஆகக் கேடானதை எண்ணிக்கொள்வான். ஒழுக்கத்தைக் காக்கவென இறங்கிய கத்தரி ஓர் அறியாப் பிராணியைக் காமவெறியனாக மாற்றிவிட்டது! அரை நூற்றாண்டு கழிந்து, 1980-களிலேதான் அத்துண்டு மீண்டும் ஒட்டப்பட்டது.

வேறொரு வெட்டு படப்பிடிப்புக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் பூதம் பேசுகிறது, நூல்களைப் படிக்கிறது, தன்னைக் கைவிட்டவனிடம் நியாயம் கேட்கிறது. உலகம் வெறுத்ததனாலேயே தான் கொடியவனானேன் என்று வாதாடுகிறது. படத்திலோ அது ஊமை. அதன் கொடுமைக்குக் காரணமும் மாற்றப்பட்டுவிட்டது: வேலையாள் தவறுதலாகக் கொண்டுவந்த குற்றவாளியின் மூளை! சமூகம் ஆக்கிய குற்றவாளியைப் பிறவிக் குற்றவாளியாக மாற்றுவதற்கு ஒரு கண்ணாடிப் போத்தல் போதுமாயிற்று. வறியவன் திருடினால் அவன் வயிற்றைப் பாராமல் அவன் குலத்தைப் பார்க்கும் மனப்பான்மைக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

ஊமையாக்கப்பட்ட அப்பூதத்துக்கு உயிரூட்டிய பொரிஸ் கார்லொவ், வாழ்க்கையில் ஊமையாக இருக்கவில்லை. 1933-இல் ஹொலிவூட் நடிகர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது அதன் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவர். கனத்த ஒப்பனையைச் சுமந்து நீண்ட நேரம் உழைத்த ஒரு தொழிலாளி அவர். பூதங்களின் வரலாறு எழுதுவோர் அவரது முகத்திற் பூசப்பட்ட பசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அவர் அமைத்த சங்கத்துக்கு ஒரு வரி ஒதுக்க ஏன் மனம் வருவதில்லை?

*

கத்தரிக்கோல் படச்சுருளை மட்டும் வெட்டுவதில்லை. சில வேளைகளில் ஒரு கதையை அதற்குரிய மக்களிடமிருந்தே வெட்டியெடுத்து விடுகிறது. இதற்கு ஸொம்பியின் கதையே சான்று.

ஹெயிட்டி, பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களுக்காக ஆபிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட நாடு. அடிமைகளே கிளர்ந்தெழுந்து 1804-இல் அதனைச் சுதந்திர நாடாக்கினர். அம்மக்களின் நம்பிக்கையில் ஸொம்பி என்பது மனிதரைத் தின்னும் பேயன்று. இறந்த பின்னும் எழுப்பப்பட்டு எசமானுக்காக உழைக்கும் பிணம் அது. சாவிலாவது ஓய்வு கிட்டும் என்பதே அடிமையின் கடைசி நம்பிக்கை. அதுவும் பறிபோவதே ஸொம்பி. அம்மக்கள் ஸொம்பியைக் கண்டு அஞ்சவில்லை. ஸொம்பியாகிவிடுவோமோ என்றே அஞ்சினர்.

1915 முதல் 1934 வரை ஐக்கிய அமெரிக்கப் படைகள் ஹெயிட்டியை ஆக்கிரமித்திருந்தன. ஆக்கிரமிப்பின் தொடக்க ஆண்டுகளில் வீதிகள் அமைக்கக் கட்டாய உழைப்பு மீண்டும் புகுத்தப்பட்டது. அந்த ஆக்கிரமிப்பு நிலவியபோதே, 1932-இல், ‘வைட் ஸொம்பி’ என்ற படம் அமெரிக்கத் திரைகளுக்கு வந்தது. அதில் ஒரு காட்சி: சீனி ஆலையில் ஸொம்பிகள் இயந்திரத்தைச் சுழற்றிக் கொண்டிருக்கின்றனர். ஒருவன் தடுமாறி அரவைப் பொறிக்குள் வீழ்கிறான். மற்றவர் திரும்பிப் பார்ப்பதில்லை, பொறி நிற்பதுமில்லை. அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் ஹெயிட்டியின் குரல் கேட்கிறது. அதன்பின் படம் முழுவதும் ஒரு வெள்ளை மணப்பெண்ணுக்கு நேர்ந்த ஆபத்தின் கதையே. ஒரு நாட்டையே ஆயுதமுனையில் வைத்திருந்தவர்கள், அந்நாட்டு மந்திரவாதிகளால் தமக்கு ஆபத்து என்று அஞ்சி நடுங்கிக் காட்டினர்! அடிமையின் அச்சம் திருடப்பட்டு எசமானின் அச்சமாக விற்கப்பட்டது.

அதே ஆண்டில் கார்லொவ் நடித்த ‘பூ மாஞ்சுவின் முகமூடி’ சீனரை உலகின் பகைவராகக் காட்டிற்று. மறு ஆண்டில் ‘கிங் கொங்’ தீவு மக்களைக் குரங்குக்குப் பெண் பலியிடுவோராகக் காட்டிற்று. எமது தோழர்கள் இவற்றை நஞ்சென்று கூறுவார்களாயின் நாம் அவர்களோடு உடன்படுகிறோம். ஆனால் நஞ்சை நஞ்செனக் கண்டறியவும் அதைச் சோதித்தே ஆகவேண்டும்.

*

இவ்வரலாற்றிலே நெஞ்சைச் சுடும் அத்தியாயம் யப்பானில் எழுதப்பட்டது. 1954 மார்ச் 1-ஆம் திகதி பிக்கினித் தீவில் ஐக்கிய அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. அதன் சாம்பல் ‘ஐந்தாம் இலக்க அதிர்ஷ்ட நாகம்’ என்ற யப்பானிய மீன்பிடிப் படகின் மீது பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டனர். வானொலி இயக்குநரான குபோயாமா செப்டம்பர் மாதத்தில் மாண்டார். நவம்பர் 3-ஆம் திகதி ‘கொஜிரா’ திரைக்கு வந்தது.

நெறியாளர் இஷிரோ ஹொண்டா போர்வீரராகச் சீனத்திலிருந்து திரும்பியபோது அழிந்த ஹிரோஷிமாவைக் கண்ணாற் கண்டவர். அவரது படம் ஒரு கப்பல் தீப்பற்றுவதோடு தொடங்குவது தற்செயலா? குண்டுச் சோதனையால் எழுந்த பூதம் தோக்கியோவை எரிக்கிறது. புகைவண்டியில் செல்லும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிய தனக்கு இனி இதுவுமா என்று அலுத்துக்கொள்கிறாள். உண்மையை வெளியிடுவதா மறைப்பதா என்று பாராளுமன்றத்தில் சச்சரவு மூள்கிறது. எரியும் தெருவோரத்தில் ஒரு தாய், போரில் இறந்த தந்தையிடம் விரைவில் போய்ச்சேர்வோம் என்று குழந்தைகளை அணைத்துத் தேற்றுகிறாள். பூதத்தைக் கொல்லவல்ல ஆயுதத்தைக் கண்டுபிடித்த செரிஸாவா என்ற விஞ்ஞானி, அரசுகளின் கையில் அது அகப்படக்கூடாதெனத் தன் குறிப்புகளை எரித்துவிட்டுத் தானும் பூதத்தோடு கடலடியில் மாள்கிறான். சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு பூதம் எழும் என்று முதிய விஞ்ஞானி எச்சரிப்பதோடு படம் முடிகிறது.

1956-இல் இப்படம் அமெரிக்கக் கொட்டகைகளுக்குச் சென்றது. ஆனால் சென்றது இப்படமன்று. ரேமண்ட் பேர் என்ற நடிகர் அமெரிக்க நிருபராக வேடமேற்க, புதிய காட்சிகள் எடுத்துச் செருகப்பட்டன. யப்பானியரின் துயரத்தை யப்பானியர் வாயாற் கேட்கவேண்டிய தேவை நீங்கிற்று. அருகில் நின்று பார்க்கும் அமெரிக்கரே விளக்கிச் சொன்னார். குண்டு என்ற சொல் முற்றாக நீக்கப்படவில்லை. ஆனால் நாகசாகிப் பெண்ணின் பேச்சுப் போயிற்று. பாராளுமன்றத்தின் சச்சரவு போயிற்று. இறுதி எச்சரிக்கையும் போயிற்று. அதற்குப் பதிலாக, ஆபத்து நீங்கியது, உலகம் இனி வாழலாம் என்ற ஆறுதல் கூறப்பட்டது. குண்டைப் போட்டவன், குண்டுபட்டவனின் ஒப்பாரியைத் திருத்தி எழுதிய விந்தை வேறெங்கே உண்டு? ஹொண்டாவின் படம் அதன் சொந்த வடிவில் அமெரிக்கக் கொட்டகைகளில் முறையாகத் திரையிடப்பட்டது 2004-இலேதான்.

அதே 1956-இல் ஹொலிவூட்டிலும் ஒரு சம்பவம். டொன் சீகலின் ‘இன்வேஷன் ஒவ் த பொடி ஸ்னாச்சர்ஸ்’ படத்தில் ஒரு சிற்றூரின் மக்கள் ஒவ்வொருவராக உணர்ச்சியற்ற நகல்களாக மாற்றப்படுகின்றனர். இது கம்யூனிஸ அபாயத்தின் உருவகமா, கம்யூனிஸ்டுகளைத் தேடி அமெரிக்க மூளைகளையே ஒரே அச்சில் வார்க்க முயன்ற வேட்டையின் உருவகமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. 1947 முதல் எழுத்தாளரையும் கலைஞரையும் விசாரணைக் கூண்டில் ஏற்றி, நண்பரைக் காட்டிக்கொடுக்க மறுத்தவரின் தொழிலைப் பறித்த ஹொலிவூட்டில் எடுக்கப்பட்ட படம் இது என்பது மட்டும் எமக்குப் போதும். தப்பியோடும் வைத்தியன் நெடுஞ்சாலையில் நின்று, வாகனங்களை நோக்கியும் எம்மை நோக்கியும் கதறுவதோடு படத்தை முடித்தார் சீகல். கம்பனி சம்மதிக்கவில்லை. முன்னும் பின்னும் ஒரு மருத்துவமனைக் காட்சி ஒட்டப்பட்டது. கதறியவன் கூறியது உண்மையென நிரூபணமாகிறது. மத்திய புலனாய்வுத் துறைக்குத் தொலைபேசி செல்கிறது. பார்ப்பவன் நிம்மதியாக வீடு திரும்பலாம்.

1920-இன் மருத்துவமனையையும் 1956-இன் மருத்துவமனையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது, அதிகாரத்தைக் குற்றஞ்சாட்டுபவன் பைத்தியம் என்றது. பின்னது, அவன் சொல்வது சரிதான், ஆயினும் பொலிசார் வந்து பார்த்துக்கொள்வர் என்றது. இரண்டும் பார்ப்பவனுக்குக் கூறுவது ஒன்றே: நீ எழுந்திருக்க வேண்டியதில்லை.

விண்வெளியும் தப்பவில்லை. 1959-இல் வந்த ‘வானம் அழைக்கிறது’ என்ற சோவியத் படத்தில், போட்டி வெறியால் அபாயத்தில் சிக்கிய அமெரிக்கரைச் சோவியத் விண்வீரர் காப்பாற்றுகின்றனர். ரொஜர் கோர்மன் அதை வாங்கி 1962-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது இரு நாடுகளின் பெயர்களும் மறைந்தன. இரு விகாரப் பூதங்கள் சண்டையிடும் காட்சி சேர்ந்தது. மனிதர் மனிதருக்கு உதவும் காட்சியைவிடப் பூதச் சண்டைக்கே விலை அதிகம் என்று கணக்கிட்டனர் போலும்.

ஆனால் கத்தரிக்கோலுக்கு ஒரே நிறந்தான் என்று நாம் கூறுவோமாயின் அது பொய்யாகும். போலந்தில் அந்திரேய் ஸுலாவ்ஸ்கி எடுத்துக்கொண்டிருந்த ‘வெள்ளிக் கோளத்தின் மீது’ என்ற விஞ்ஞானக் கற்பனைப் படத்தை, மக்களின் பெயரால் ஆண்ட அரசே 1977-இல் இடைநடுவில் நிறுத்திற்று. எஞ்சிய துண்டுகளை இணைத்து 1988-இலேதான் அதனைக் காட்ட முடிந்தது. மக்களை நம்பாத அதிகாரம் எக்கொடியின் கீழ் நின்றாலும் அது முதலில் தேடுவது கத்தரிக்கோலையே.

*

வெட்ட இடங்கொடாத படமொன்றும் உண்டு. 1968-இல் பென்சில்வேனியாவில், ஹொலிவூட்டுக்கு வெளியே, சிறுதொகைப் பணத்தில் ஜோர்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’ படத்தை எடுத்தனர். பிணங்கள் எழுந்து முற்றுகையிட்ட வீட்டில் அறிவோடும் துணிவோடும் இரவு முழுவதும் போராடுபவன் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பு நடிகர் ஏற்ற பாத்திரம். விடிகிறது. காப்பாற்ற வந்த துப்பாக்கிக் கூட்டம் அவனைப் பிணமென்று கருதிச் சுட்டுக் கொன்று, கொக்கியால் இழுத்துத் தீயிலிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டு அது. அவன் பிழைப்பதாக முடிவை மாற்றினால் படத்தை வாங்கலாம் என்று ஒரு கம்பனி கூறியபோது ரொமேரோ மறுத்துவிட்டார். பின்னர் தலைப்பு மாற்றப்பட்டபோது உரிமைக் குறிப்பு விடுபட்டதால் படம் பொதுச் சொத்தாயிற்று. படைத்தவர்களுக்கு உரிய பணம் சேரவில்லை. ஆனால் அம்முடிவு உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது எதிர்ப்பாளர் மூவருக்கும் எமது விடையைக் கூறலாம். தூய கலையின் காவலரே, அட்டைச் சுவரென்று நீர் நகைத்த அச்சுவரே உண்மைக்குச் சாட்சியாக நின்றது. இரசிகர்களே, அரசியலை இப்படங்களுக்குள் கொண்டுவந்தவர் நாமல்லோம். அது அங்கே இருந்ததனாலேயே வெட்டப்பட்டது. தோழர்களே, மக்கள் எதைக் கண்டு அஞ்சுகின்றனர் என்பதை அறியாதவன் அவர்களுக்கு நம்பிக்கை கூற முடியாது. இருளில் அமர்ந்து பூதத்துக்காக இரங்கிய அந்த வேலையற்றவன் உங்கள் சொற்பொழிவுக்கு வந்திருக்கமாட்டான். அவன் நெஞ்சுக்குள் செல்ல அங்கே ஒரு வாசல் இருந்தது.

இன்று இப்படங்கள் கொட்டகையை விட்டு வீட்டுத் திரைகளுக்கு வந்துவிட்டன. எதை, எந்த வடிவில் நாம் காண்பது என்பதை ஒரு சில பெருங்கம்பனிகளின் களஞ்சியங்களே தீர்மானிக்கின்றன. கத்தரிக்கோலின் ஓசையும் இப்போது கேட்பதில்லை. எனவே திரைப்படக் கழகங்களிடம் நாம் வேண்டுவது இதுவே: ஒரு படத்தைத் திரையிடுமுன் இது எந்தப் பிரதி, எவர் கைபட்டது என்று கேளுங்கள். ‘கொஜிரா’வை ஒரு மாலையும், அதன் அமெரிக்கத் திருத்தத்தை மறு மாலையும் காட்டுங்கள். எது நீக்கப்பட்டது, எது ஒட்டப்பட்டது என்று பார்வையாளரே கூறட்டும். பூதம் எதுவென்பதை அவர்கள் அப்போது பிழையின்றி அடையாளம் காண்பர்.